ஒரு குமிழுக்கு இரண்டு கைகள்

வீட்டு மின்னணுக் கருவிகளின் உறுப்புகளுள் காலத்தால் மிகக் குறைவாக மாறியது வால்யூம் குமிழ் எனலாம். வெற்றிடக் குழாய்களால் இயங்கிய பழைய வானொலிப் பெட்டிகளில் அதன் பின்னால் இருந்த கரித்தடமும், அத்தடத்தின்மேல் உராய்ந்து நகர்ந்த உலோக விரலும், இன்று மேசைமேல் வைக்கப்படும் ஒலிபெருக்கிகள் பலவற்றிலும் ஏறக்குறைய அதே வடிவில் தொடர்கின்றன. விலை மலிவு, புரிந்துகொள்ள எளிது, மின்சாரம் நின்று திரும்பினாலும் விட்ட இடத்திலேயே நிற்கும் எனச் சிறப்புகள் பல இருக்க, அதன் பெருங்குறை ஒன்றுதான்: ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ விரும்புபவர் எழுந்து அதனருகே செல்ல வேண்டும். நல்ல ஒலித்தரம் உடையதாயினும் ரிமோட் இல்லாத ஒலிபெருக்கியைத் தொலைக்காட்சியுடன் இணைத்து வைத்திருப்போர், இக்குறையைத் தாமே தீர்த்துக்கொள்ள முயல்வதுண்டு. அம்முயற்சி முதற்பார்வையில் தோன்றுவதைவிட நுட்பமான கேள்விகளை எழுப்புவது.

கட்டளையைத் தொலைவிலிருந்து அனுப்புவது இங்கே பெரிய சிக்கலன்று; அது எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டது. குமிழ் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. அது ஒலியளவை மாற்றுகிறது. மாற்றிய அளவைத் தன் நிலையாலேயே நினைவில் வைத்திருக்கிறது. முகப்பில் உள்ள கோட்டின் வழியே அந்த அளவைக் காண்போருக்குக் காட்டவும் செய்கிறது. ரிமோட் என்னும் இரண்டாவது கை நுழைந்தபின் இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்க வேண்டுமானால், ரிமோட்டின் கட்டளை எங்கோ ஒரு சில்லுக்குள் மறைந்து நிறைவேறாமல், குமிழையே திருப்பியாக வேண்டும். விலையும் உழைப்பும் கூடினாலும் மோட்டார் பொருத்திய குமிழே பெரும்பாலான வேளைகளில் சரியான விடை என்று கொள்வதற்கு இதுவே காரணம்.

குமிழின் பின்னே இருக்கும் உறுப்பு பொட்டென்ஷியோமீட்டர் எனப்படும். பழுதுபார்ப்போர் வழக்கில் அது ‘வால்யூம் கன்ட்ரோல்’. அதற்கு மூன்று முனைகள் உண்டு. முழுவட்டத்தைவிடச் சற்றுக் குறுகிய, பெரும்பாலும் 270 முதல் 300 பாகை வரை செல்லும் கரித்தடத்தின் இரு நுனிகளும் இரண்டு முனைகளாகின்றன. தடத்தின்மேல் நகரும் உலோக விரல் மூன்றாவது முனை. ஒலிக்குறிகை எனப்படும் மாறிக்கொண்டே இருக்கும் சிறு மின்னழுத்தம் ஒரு நுனியில் நுழைகிறது. மறு நுனி தரையுடன், அதாவது சுற்றின் சுழிய மின்னழுத்தப் புள்ளியுடன், இணைந்திருக்கிறது. விரல் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ற பங்கு மட்டும் அடுத்த கட்டத்துக்குச் செல்கிறது. இடம், வலம் என இரு வழிகள் உள்ள ஸ்டீரியோ கருவியில் ஒரே தண்டின்மேல் இத்தகைய இரண்டு தடங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும்.

தடம் நெடுகிலும் மின்தடை சீராகப் பரவியிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஒலிக்கென்று செய்யப்படும் வகையில் அது திட்டமிட்டே சீரற்றதாக ஆக்கப்படுகிறது. மனிதச் செவி ஒலியின் ஆற்றலைக் கூட்டல் முறையில் அளப்பதில்லை, பெருக்கல் முறையில் அளக்கிறது. ஓர் ஒலி இருமடங்கு உரத்ததாகத் தோன்ற அதன் ஆற்றல் ஏறத்தாழ 10 மடங்கு, அதாவது 10 டெசிபெல், உயர வேண்டும். சீரான தடத்தை வைத்தால் குமிழ் நடுவில் நிற்கும்போதே ஒலி முழு அளவுக்கு 6 டெசிபெல் மட்டுமே கீழே இருக்கும். மாற்றம் முழுவதும் தொடக்கத்துச் சிறு பகுதியில் அடைபட்டுவிட, எஞ்சிய திருப்பலுக்குப் பெரிய பயன் இராது. ஆகவே மடக்கை வகைத் தடத்தில் நடுநிலையில் 10 முதல் 15 விழுக்காடு மின்னழுத்தம் மட்டுமே கிடைக்குமாறு, முழு அளவுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டெசிபெல் குறைவாக இருக்குமாறு, அமைக்கின்றனர். ஆசிய உற்பத்தியாளர்களின் உறுப்புகளில் ‘ஏ’ என்னும் எழுத்து மடக்கை வகையையும் ‘பி’ என்னும் எழுத்துச் சீரான வகையையும் குறிப்பது வழக்கம். மாற்று உறுப்பு வாங்குபவர் மின்தடையின் அளவை மட்டும் பார்த்து இவ்வெழுத்தைப் பாராமல் விட்டால், இணைப்பு முழுவதும் சரியாக இருந்தும் குமிழின் போக்கு கெட்டுவிடும்.

கருவியைத் திறக்கும் முன்னரே சோதித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. குமிழ் இரு பக்கமும் ஓரிடத்தில் முட்டி நின்றால் அது பொட்டென்ஷியோமீட்டர். முட்டாமல், சிறு சிறு தட்டுகளுடன் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுழன்றுகொண்டே இருந்தால் அது என்கோடர் எனப்படும் வேறோர் உறுப்பு. அது மின்தடையை மாற்றுவதில்லை, எத்திசையில் எத்தனை தட்டு திரும்பியது என்பதை இரு கம்பிகளில் முன்பின்னாக எழும் துடிப்புகளால் உள்ளிருக்கும் சில்லுக்குச் சொல்கிறது. அத்தகைய கருவிக்கு மோட்டாரே தேவையில்லை; அதே துடிப்புகளைப் போலியாக உண்டாக்கும் சிறு நுண்கட்டுப்படுத்தி ஒன்றை இணையாகச் சேர்த்தாலே போதும். அதன் குமிழுக்கு நிலை என்று ஒன்று முதலிலிருந்தே இல்லையாதலால் இழப்பதற்கும் எதுவும் இல்லை.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. டிடிஏ 1524ஏ போன்ற சில பழைய ஒலிச்சில்லுகளில் குமிழின் வழியே ஒலிக்குறிகை செல்வதே இல்லை. குமிழ் தருவது ஒரு நேர்மின்னழுத்தம் மட்டுமே, அதைப் பார்த்துச் சில்லுதான் ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த மின்னழுத்தத்தை நுண்கட்டுப்படுத்தியே தந்துவிடலாமாதலால் அங்கும் வேலை எளிது. கூரையில் பதித்த ஒலிபெருக்கிகளுக்காகச் சுவரில் பொருத்தப்படும் குமிழ்களோ நேர்மாறானவை. ஆம்பிளிஃபயரின் முழு ஆற்றலும் அவற்றின் வழியே பாய்வதால், அவற்றைச் சிறு பொட்டென்ஷியோமீட்டரால் மாற்றுவது உறுப்பு எரிந்துபோவதில்தான் முடியும்.

குமிழைத் தொலைவிலிருந்து மோட்டாரால் திருப்பும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் ஃபில்கோ நிறுவனம் தன் 1939ஆம் ஆண்டு வானொலி வரிசைக்காக வெளியிட்ட ‘மிஸ்டரி கன்ட்ரோல்’ என்னும் மரப்பெட்டி, தொலைபேசியில் இருப்பது போன்ற எண்வட்டு ஒன்றைத் தன்மேல் கொண்டிருந்தது. கம்பி எதுவும் இல்லாத அப்பெட்டிக்குள் மின்கலமும் வெற்றிடக் குழாயும் இருந்தன. வட்டைச் சுழற்றினால் குறைந்த அதிர்வெண்ணில் வானொலித் துடிப்புகள் கிளம்ப, அவற்றை எண்ணிய வானொலிப் பெட்டி தன் நிலையத்தை மாற்றிக்கொண்டது, ஒலிக்கென ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு வட்டைத் திருப்பினால் உள்ளிருந்த மோட்டார் வால்யூம் கன்ட்ரோலைச் சுழற்றியது. திரிதடையமே பிறவாத காலத்தில் செய்யப்பட்ட அவ்வேலையின் துணிவு இன்றும் வியப்புக்குரியது.

தொலைக்காட்சிக் காலத்தில் ஜெனித் நிறுவனம் 1950இல் ‘லேசி போன்ஸ்’ என்னும் ரிமோட்டைக் கொண்டுவந்தது. அது நீண்ட கம்பியால் பெட்டியுடன் இணைந்திருந்ததால் கால் தடுக்கி விழுவோர் மிகுந்தனர். யூஜின் பாலி 1955இல் வடிவமைத்த ‘ஃபிளாஷ்-மேட்டிக்’ கம்பியைத் துறந்து, திரையின் நான்கு மூலைகளிலும் வைத்த ஒளியுணரிகளின்மேல் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி வேலை வாங்கியது. ஆனால் சன்னலின் வழியே விழுந்த வெயிலையும் அது கட்டளையாக எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே ராபர்ட் அட்லரின் ‘ஸ்பேஸ் கமாண்ட்’ வந்தது. விசையை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று அலுமினியத் தண்டைத் தட்ட, செவிக்கு எட்டாத மீயொலி எழும். தண்டின் நீளத்துக்கேற்ப ஒலி மாறும். பெட்டி அதைக் கேட்டு எந்த விசை என்பதை அறியும். அதற்கு மின்கலமே தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் மின்கலம் தீர்ந்ததைத் தொலைக்காட்சியே பழுதானதாக எண்ணிவிடுவார் என்று நிறுவனம் அஞ்சியதே இதற்குக் காரணம் என்பர். மீயொலியின் இடத்தை அகச்சிவப்பு ஒளி முழுமையாகப் பிடித்தது 1980களில்தான்.

குமிழின் நிலையைக் காப்பாற்ற வேண்டிய தேவையை மிகத் தீவிரமாக உணர்ந்தவை ஒலிப்பதிவுக் கூடங்கள். பல வழிகளின் ஒலியளவுகளைப் பாடல் ஓடும்போதே மாற்றி, அம்மாற்றங்களை அப்படியே மீண்டும் நிகழ்த்த வேண்டியிருந்த அங்கே, 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நீவ் நிறுவனம் ‘நெகாம்’ என்னும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. கணினி நினைவில் வைத்த அசைவுகளுக்கேற்ப ஒலிக்கலவை மேசையில் குமிழுக்குப் பதிலாக ஒலியளவை மாற்றும் நெம்புகள் மோட்டாரால் தாமே ஏறி இறங்கின. பொறியாளர் ஒரு நெம்பைத் தொட்டுப் பிடித்தால் அதிகாரம் அவர் கைக்கு மாறியது. வீட்டு ஒலிபெருக்கியில் செய்ய முயல்வதும் சிறிய அளவில் இதுவேதான்.

வீட்டுக் கருவிகளுக்கான மோட்டார் பொட்டென்ஷியோமீட்டர்களில் பெயர்பெற்றது ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் ஆர்கே 27 வரிசை. அதன் நீல நிற உறையை ஒலிக்கருவி ஆர்வலர்கள் கண்டவுடன் அறிவர். இரட்டைத் தடத்தின் பின்புறம் சிறிய நேர்மின்னோட்ட மோட்டாரும், வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரத் தொடரும் அமைந்திருக்கின்றன. இவ்வுறுப்பின் உயிர்நாடி இவ்விரண்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் வழுக்குக் கிளட்ச்தான். ஓர் எல்லைவரை அது மோட்டாரின் முறுக்கத்தைத் தண்டுக்குக் கடத்துகிறது. எல்லை மீறினால் வழுக்கிவிடுகிறது. கை குமிழைத் திருப்பும்போது பற்சக்கரங்கள் அசையாமல் நிற்க, தண்டு மட்டும் திரும்புகிறது. மோட்டார் திருப்பும்போது குமிழ் முடிவில் முட்டினால் எதுவும் உடைவதில்லை, மோட்டார் வெறுமனே சுழல்கிறது. ரிமோட்டும் கையும் ஒரே வேளையில் எதிரெதிராக முயன்றாலும் கைதான் வெல்லும்.

கிளட்சின் அருமையை அது இல்லாத ஏற்பாடுகளைப் பார்த்தால் எளிதில் உணரலாம். பெட்டியைத் திறக்க விரும்பாதோர் குமிழின்மேல் வெளியிலிருந்தே ஒரு மோட்டாரை இணைப்பதுண்டு. மலிவான எஸ்ஜி 90 வகை செர்வோ 180 பாகை மட்டுமே திரும்பும். குமிழுக்கோ 300 பாகை தேவை. 28பிஒய்ஜே-48 என்னும் படிநிலை மோட்டார் முழுச் சுற்றும் திரும்பும். ஆனால் அதன் உள்ளிருக்கும் 64 மடங்கு வேகக்குறைப்புப் பற்சக்கரங்கள், குமிழைக் கையால் திருப்ப முயல்பவரை எதிர்த்து நிற்கும். பலவந்தப்படுத்தினால் பல் உடையும். ரிமோட் வந்ததால் கை வெளியேற்றப்படும் இத்தகைய ஏற்பாட்டைப் பாதித் தீர்வு என்றே கொள்ள வேண்டும். இரப்பர் வாரால் இணைத்து, மிகையான இழுப்பில் வார் வழுக்குமாறு விட்டால் அதுவே எளிய கிளட்சாகிவிடும். பெட்டியின் அழகு கெடுவதைப் பொருட்படுத்தாதோருக்கு அது போதுமானது.

மோட்டாரை அறவே தவிர்த்துப் பொட்டென்ஷியோமீட்டரின் இடத்தில் பிஜிஏ 2311 போன்ற சில்லை வைக்கும் வழியும் உண்டு. அரை டெசிபெல் படிகளில், இரு வழிகளுக்கும் துல்லியமாக ஒரே அளவில், அது ஒலியை மாற்றும். கரித்தடம் தேய்ந்து எழும் கரகரப்பு அதற்கு என்றும் வாராது. ஒலித்தரம் ஒன்றையே கருதினால் அது மோட்டாரைவிட மேலானது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அளவைக் காட்ட ஒரு திரையும், மின்சாரம் நின்றபின் அதை மீட்க ஒரு நினைவகமும், கையால் மாற்ற ஓர் என்கோடரும் தனித்தனியே சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு சிறு உறுப்பு செய்துவந்த வேலையை நான்கு உறுப்புகளுக்குப் பங்கிடுவதாக அது முடியும்.

ரிமோட்டின் பக்கம் பெரும்பாலும் ஆயத்தமாகவே கிடைக்கிறது. ரிமோட்டின் நுனியிலுள்ள ஒளியுமிழ் டயோடு ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. வெயிலிலும் விளக்கொளியிலும் அதே அகச்சிவப்பு நிறைந்திருப்பதால், திருவிழா இரைச்சலுக்கு நடுவே ஒரே சுருதியில் நின்று ஊதும் நாகசுரம் தனித்துக் கேட்பதைப் போல, ரிமோட்டின் ஒளி நொடிக்கு 38,000 முறை விட்டுவிட்டு மின்னித் தன்னைத் தனித்துக் காட்டிக்கொள்கிறது. டிஎஸ்ஓபி 1738 போன்ற மூன்று கால் ஏற்பி அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டி எடுத்து, ஒளி இருந்த நேரத்தையும் இல்லாத நேரத்தையும் துடிப்புகளாகத் தருகிறது. ஃபிளாஷ்-மேட்டிக் வெயிலிடம் தோற்ற இடத்தில் இன்றைய ரிமோட் தோற்காமல் இருப்பதன் காரணம் இவ்வளவே.

துடிப்புகளை எழுத்தாக்கும் முறைகளுள் பரவலானது என்இசி முறை. 9 மில்லிநொடி நீண்ட ஒளியும் 4.5 மில்லிநொடி இடைவெளியும் தொடக்கத்தை அறிவிக்க, 32 இருமக்குறிகள் பின்தொடர்கின்றன. அவற்றுள் ஒரு பாதி எந்தக் கருவிக்கான கட்டளை என்பதையும் எந்த விசை என்பதையும் சொல்கிறது, மறு பாதி அவற்றையே தலைகீழாக்கிச் சொல்லிப் பிழையைத் தடுக்கிறது. விசையை அழுத்தியபடியே இருந்தால் முழுச் செய்தியும் மீண்டும் வருவதில்லை. 110 மில்லிநொடிக்கு ஒருமுறை ‘இன்னும் அழுத்தியிருக்கிறது’ என்னும் சுருக்கக் குறி மட்டும் வரும். மோட்டாருக்கு இது மிகவும் ஏற்றது: குறி வந்துகொண்டிருக்கும்வரை ஓடு, கடைசிக் குறி வந்து 150 மில்லிநொடியாகியும் அடுத்தது வராவிட்டால் நில் என்பதே நுண்கட்டுப்படுத்தியில் எழுத வேண்டிய நிரலின் சாரம். யாரேனும் குறுக்கே நடந்து ஒளியை மறைத்தாலும் மோட்டார் நிற்குமேயன்றி ஓடிக்கொண்டே இராது. ஒலி திடீரென உச்சத்துக்கு ஏறும் அபாயம் இதனால் நீங்குகிறது. தனி ரிமோட் வாங்கவும் தேவையில்லை. வீட்டில் உள்ள ரிமோட்டில் பயன்படாத இரண்டு விசைகளின் குறிகளை ஏற்பியின் வழியே படித்து, அவற்றை நிரலில் எழுதிவிடலாம்.

மோட்டாரை இரு திசையிலும் ஓட்ட, மின்னோட்டத்தின் திசையை மாற்றிவிடும் நான்கு சாவிகளின் அமைப்பு வேண்டும். வரைபடத்தில் அது ஆங்கில ‘எச்’ எழுத்தின் வடிவில் தோன்றுவதால் எச்-பாலம் எனப்படுகிறது. பலரும் கையிலெடுக்கும் எல்293டி சில்லு இதைச் செய்யும். ஆனால் தன் பங்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிவிடுவதால், 5 வோல்ட் மின்வழங்கலில் மோட்டாருக்கு 3 வோல்ட்டே எஞ்சி அது தள்ளாடும். டிஆர்வி 8833 போன்ற புதிய சில்லுகளில் இந்த இழப்பு மிகக் குறைவு.

இங்கே ஒரு சிறு கணக்கு பயன்படும். மோட்டார் குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்ப ஏறத்தாழ 10 நொடி எடுத்துக்கொண்டால் நொடிக்கு 30 பாகை. விசையை ஒருமுறை தட்டும்போது மோட்டார் நொடியில் பத்திலொரு பங்கே ஓடினாலும் குமிழ் ஏறத்தாழ 3 பாகை நகரும். குமிழின் மேற்பாதியில் அந்த 3 பாகை அரை டெசிபெல்லுக்கும் குறைவான மாற்றத்தையே தரும்; செவி அதை உணர்வதே அரிது. ஆனால் இரவில் மெல்லக் கேட்கும் அளவில், தடத்தின் தொடக்கத்தில், அதே 3 பாகை 2 அல்லது 3 டெசிபெல் தாண்டிவிடும். மின்சாரத்தை நிறுத்தியபின்னும் மோட்டார் தன் வேகத்தால் சிறிது உருளுவது இதை மேலும் மோசமாக்கும். ஆகவே நிறுத்தும்போது மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அதுவே தனக்குத் தடையாகும்படி செய்ய வேண்டும். முதல் தட்டுக்கு மிகக் குறுகிய ஓட்டமும், அழுத்திப் பிடித்தால் முழு வேகமும் தருமாறு நிரலை எழுதுவது இன்னும் நல்லது. கடைகளில் விற்கும் ஆயத்தப் பலகைகள் சிலவற்றில் இந்த நயம் இருப்பதில்லை.

ஒலிச்சுற்றின் மிக நுண்ணிய குறிகைக்கு அருகிலேயே தீப்பொறி எழுப்பும் தூரிகைகளை உடைய மோட்டாரை வைப்பதால் இரைச்சல் நுழையும் வாய்ப்புண்டு. மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைப்பதும், மோட்டாருக்கும் ஒலிச்சுற்றுக்கும் மின்வழங்கலைப் பிரிப்பதும் வழக்கமான மருந்து. பிரிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: சில ஒலிபெருக்கிகளில் குமிழை முழுவதும் இடப்புறம் திருப்பினால் மின்சாவியே அணைந்துவிடும், ரிமோட்டின் சுற்று அதே மின்சாரத்தை நம்பியிருந்தால் ஒலியைக் குறைக்கப்போய்த் தன்னையே அணைத்துக்கொள்ளும், பிறகு எழுப்ப ஆள்தான் போக வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன் எச்சரிக்கை ஒன்று தேவை. ஆம்பிளிஃபயரைத் தன்னுள் கொண்ட ஒலிபெருக்கிக்குள் 230 வோல்ட் மின்சாரம் நுழைகிறது. சுவிட்ச்சிங் வகை மின்வழங்கலில் அது நேர்மின்னோட்டமாக்கப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாகப் பெரிய மின்தேக்கியில் தேங்கி நிற்கிறது, செருகியைப் பிடுங்கிய பின்னும் சில காலம் நிற்கக்கூடும். இதில் பழக்கமில்லாதோர் அப்பெட்டியைத் திறக்காமல், ஒலி வரும் வழியில் மோட்டார் பொட்டென்ஷியோமீட்டரைத் தனியொரு சிறு பெட்டியில் வைத்து, ஒலிபெருக்கியின் சொந்தக் குமிழைப் போதிய உயரத்தில் நிலையாக விட்டுவிடுவதே அறிவுடைமை. அப்பெட்டிக்குச் செல்பேசி மின்னேற்றியின் 5 வோல்ட்டே போதும். இடமும் தாராளமாகக் கிடைக்கும். பின்புறம் மோட்டாரைச் சுமந்த உறுப்பு, சாதாரண உறுப்பு இருந்த இடுக்கில் பல வேளைகளில் நுழைவதே இல்லை.

மோட்டார் தோற்கும் இடம் ஒன்று எஞ்சுகிறது. தொலைபேசி ஒலிக்கும்போது ஒலியை உடனே நிறுத்த விரும்புபவர் குமிழ் நிதானமாகச் சுழன்று கீழிறங்கும்வரை காத்திருக்கமாட்டார். இறங்கியபின் முன்பு நின்ற இடத்துக்கே திரும்ப வேண்டுமானால், நிலையை அளந்து சொல்ல மூன்றாவதாக ஒரு தடமும் அதே தண்டில் தேவைப்படும். எனவே ‘மியூட்’ எனப்படும் நிசப்த விசைக்கு மோட்டாரை விட்டுவிட்டு, ஒலிக்குறிகையைத் தரையுடன் இணைத்துவிடும் சிறு ரிலே ஒன்றை வைப்பதே நடைமுறை. அப்போது குமிழ் பாதி உயரத்தைக் காட்டிக்கொண்டிருக்க ஒலிபெருக்கியோ பேசாமல் இருக்கும்; குமிழ் காட்டும் அளவை நம்பமுடியாத இந்த ஒரு நிலைக்காக மட்டும், நிசப்தம் நீடிக்கும்வரை மினுக்கிக்கொண்டிருக்கும் சிவப்பு விளக்கு ஒன்றைக் குமிழின் பக்கத்தில் பொருத்துகின்றனர்.